பன்னிரண்டு சதுர மீட்டர்

ரிஸ்மினா வரைபடத்தை விரித்தாள்,
பம்பலப்பிட்டியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில்.
"சின்னக் கப்பல்தான் அன்ரி, இருபத்தாறே அறை.
காலி, அம்பாந்தோட்டை, திருகோணமலை,
ஆறு இரவு, பிறகு திரும்பக் கொழும்பு."
மூன்று தட்டு. மேலே போகப் போக விலை கூடும்.
ஆட்டமும் கூடும் என்பதை அவள் சொல்லவில்லை,
என் மனுசன் கண்டுபிடித்தார்.

சிற்சபேசன், கட்டடங்களுக்குக் கணக்குப் பார்த்தவர்,
பென்சன் எடுத்தும் சட்டைப் பையில்
அளவு நாடாவோடு திரிபவர்.
படத்தில் விரல் வைத்துக் கேட்டார்:
இந்த அறைக்கு மேலே என்ன?
குசினி.
விடிய நாலு மணிக்குச் சட்டி உருளும். வேண்டாம்.
இதற்குப் பின்னால்?
எஞ்சின்.
முன்னால்?
நங்கூரச் சங்கிலி.
ரிஸ்மினா சிரித்துக்கொண்டே
இரண்டாவது பிளேன்டி வரவழைத்தாள்.

மிஞ்சியது கீழ்த்தட்டு, நடுப்பகுதி, நூற்றுப்பதினாலு.
வட்ட யன்னல். திறக்காது.
பன்னிரண்டு சதுர மீட்டர்.
அது எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும்
மாஸ்கிங் டேப் எடுத்து
ஹோலில் முழந்தாளிட்டார்.
நாலு மீட்டர் இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம்.
டிவி சுவருக்கு வெளியே போயிற்று.
சோபாவில் பாதி கடலுக்குள்.
"கதவு இஞ்ச. உள்ளுக்குத்தான் திறக்கும்.
அலுமாரி இஞ்ச. பாத்ரூம் இது, நில்லும் பாப்பம்."
நின்றேன்.
தலை துடைப்பதுபோல் கையைத் தூக்கினேன்.
முழங்கை பக்கத்து அறைக்காரரிடம் போயிற்று.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்தது:
இரண்டு தனிக் கட்டிலா, சேர்த்துப் போடுவதா?
பதினொரு வருடமாய் எங்கள் வீட்டில்
அவருடைய குறட்டைக்கு ஓர் அறை,
என்னுடைய மின்விசிறிக்கு ஓர் அறை.
டேப்புக்குள் இரண்டு பாயை விரித்துப் பார்த்தார்.
தள்ளினார், இழுத்தார், நாடா வைத்தார்.
"இடையில வெளி விட்டா
அலுமாரிக் கதவு திறவாது" என்றார்,
கூரையைப் பார்த்தபடி.

நான் கதவுப் பக்கம் படுக்கிறன் என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
தொண்ணூற்றாறில் காங்கேசன்துறையிலிருந்து
ஒரே சாமான் கப்பலில்தான் இருவரும் வந்தோம்,
அப்போது ஆளையாள் தெரியாது.
கலியாணம் பேசி வந்தபோது
திகதியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அறிந்தோம்.
அந்தக் கப்பலிலும் தெரிவு இருந்தது:
வெறுஞ் சாக்குப் பக்கமா, இரும்புப் பக்கமா.
நான் சாக்கு. அவர் இரும்பு.
சத்தி எல்லாப் பக்கமும்.
நடுவில் ஆட்டம் குறைவு என்று அன்றைக்கே பார்த்து வைத்தாராம்.
இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததை
டேப் உருளையைக் கையில் சுழற்றியபடி சொன்னார்.

சாப்பாட்டை அறைக்குள்ளேயே கொண்டுவந்தோம்.
புட்டு, மீன் குழம்பு, ஒரே கோப்பை.
தண்ணீர் எடுக்கப் போனவர்
கோட்டைத் தாண்டாமல்
கதவைத் திறப்பதுபோல் கை காட்டிப் போனார்.
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை,
ஏனென்றால் அவர் கதவைச் சாத்தியும் விட்டுப் போயிருந்தார்.

ஒன்பதரைக்குக் கோட்டையிலிருந்து வந்த ரயில்
கடற்கரைத் தண்டவாளத்தில் கடந்தது.
நாலாம் மாடி வழக்கம்போல் மெல்ல நடுங்கியது,
கரண்டி கோப்பையில் கிலுங்கியது.
"வெளிக்கிட்டுட்டுது" என்றார் இருட்டில்.
குறட்டை வர ஏழு நிமிடம் எடுத்தது.
எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு சத்தம்.
அறைக்கு அப்பால் கேட்பதுபோல் இல்லை அது.

காசு கட்ட இன்னும் மூன்று நாள்.
கட்டத்தில் பேனை வைத்து எடுத்தேன்,
பின்னும் வைத்தேன்.

காலையில் கூட்ட வந்த குசுமலதா
வாசலில் நின்று டேப்பைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
சுவரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தவள்
கதவடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
உள்ளே வந்தாள்.